அக்காவுக்கு எங்கோ இடிக்கிறது

பேசிக்கொண்டே என் சட்டையின் தோள்தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார் மாடிவீட்டு அக்கா. "நூல் மட்டம். நல்லா உன் தலையில கட்டிட்டாங்க." ஆயத்த ஆடை ஆலையில் குறையுள்ள துணிகளைக் கழித்துப் போடுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரல்கள் ஓய்வதில்லை. கதவைப் பூட்டி இழுப்பார். நாலு படி இறங்கியபின் திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுப்பார். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், "எங்கயோ இடிக்குதே" என்பார்.

அப்படிப்பட்டவரின் கண்ணெதிரே, போன ஞாயிற்றுக்கிழமை, வாளியைக்கூடத் தூக்கியறியாத அவர் கணவர் காரின் முன்விளக்கைத் தேய்க்க உட்கார்ந்தார். பழைய கார். விளக்குகள் இரண்டும் வெயிலில் காய்ந்து மஞ்சள் பூத்துக் கிடந்தன. பெயிண்டில் படாதபடி சுற்றிலும் காகித டேப் ஒட்டி, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தார். அழுக்கு பால் போல வழிந்தது. தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு.

அக்கா இறங்கி வந்தார். "என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கிற ஆளுதான் நீங்க. சும்மா வேலை செய்ய மாட்டீங்க. யாருக்கு விக்கப் போறீங்க?"

"விக்கலம்மா. வெளிச்சம் பத்தல."

"இருட்டினா வண்டியையே எடுக்க மாட்டீங்களே! எங்கயோ இடிக்குதே." என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் தலையைக் குனிஞ்சுக்கிற? உனக்கும் பங்கா?"

நான் வாளிக்குள் எதையோ தேடினேன்.

அக்கா விளக்கைத் தடவினார். முன்பைவிட மோசமாக வெளுத்திருந்தது. "இருந்ததையும் கெடுத்தாச்சு."

"முதல்ல இப்படித்தான் இருக்கும். மெல்லிசு தாள்ல தேய்ச்சு பாலிஷ் போட்டா தெளிஞ்சிடும். பாப்பா அனுப்பின வீடியோவுல..." மகளை இழுத்துவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மேல உக்காந்திருக்கிறவ எதுக்கு வீடியோ அனுப்பணும்? இறங்கி வந்து சொல்றதுக்கென்ன?"

மகள் இறங்கி வந்தாள். வரும்போதே கண் கலங்கியிருந்தது. "வேலை கிடைச்சிருக்கும்மா. வெளியூரு. நைட் ஷிப்ட். காரை எடுத்துக்கோன்னு அப்பாதான் சொன்னாரு."

அக்கா எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"சொன்னா விட மாட்டே. தங்கப்போற வீட்டுக்கு ஓனர் யாரு, பக்கத்து வீட்டுல யாருன்னு குடைஞ்சிக்கிட்டே இருப்பே."

"குடைவேன். பெத்தவ குடையாம?"

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். கணவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். "இங்க ஒரு கோடு நிக்குது. இதை வெச்சுக்கிட்டு இருட்டுல ஓட்டுவாளா?" கணவர் தேய்த்ததையே மறுபடி தேய்த்தார், அடுத்த விளக்கையும் தானே தேய்த்தார். பாலிஷ் போட்டுத் துடைத்தபோது உள்ளே இருந்த பல்பு பளிச்சென்று தெரிந்தது. மறுபடி மங்காமலிருக்க மேல்பூச்சு அடிக்கும் முன், கணவர் காட்டிய டப்பாவை வாங்கி, அதில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்த பிறகே மூடியைத் திறக்க விட்டார். அது காய்ந்ததும் விளக்கைப் போடச் சொன்னார். எதிர்ச்சுவரில் இரண்டு வட்டமும் தெளிவாக விழுந்தன. அக்காவின் முகத்தில் சிரிப்பில்லை.

"முதல் வாரம் நானும் வருவேன். அந்த வீட்டை நான் பாக்கணும்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா கண்ணைக் காட்டினார்.

அக்கா ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். கணவரின் நீளக் கால்களுக்காகப் பின்னே தள்ளியிருந்த இருக்கை அது. அடியில் இருந்த பிடியைத் தூக்கி, மகளின் கால்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, இருக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்தினார்.