வெர்னாவின் காரில் ஆல்வின் அறுத்த பட்டை

செயின்ட் சார்ல்ஸ் ஊரில் கார்வெட் என்ற பந்தயக் கார் மாதிரியான கார் வைத்திருந்தவர்கள் ஆல்வின் பிரன்னர்ட்டின் பட்டறைக்கு இரண்டு தடவை படையெடுத்தார்கள். முதல் தடவை, பின்கண்ணாடியின் நடுவே ஓடும் பட்டையை அறுத்து எறியச் சொல்லி. இரண்டாம் தடவை, அதே பட்டையைத் திரும்ப வைத்துத் தரச் சொல்லி. இரண்டு தடவையும் ஆல்வின் யாரையும் திருப்பி அனுப்பவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையிலிருந்துதான் அந்தக் கார்கள் வந்தன. தகரத்துக்குப் பதில் கண்ணாடியிழை உடம்பு. துருப்பிடிக்காது, ஆனால் இடித்தால் நசுங்காமல் உடைந்து போகும். மற்ற பட்டறைக்காரர்கள் சுத்தியலும் கையுமாக விழித்துக்கொண்டு நிற்க, ஆல்வின் பிசினும் இழைத்துணியும் வைத்து உடைந்த மூக்கை ஒட்டி, ஒட்டியது தெரியாமல் வண்ணமடித்து அனுப்புவான். இருபத்தாறு வயதில் சொந்தப் பட்டறை. கட்டிக்கொண்டவளும் கார் பைத்தியம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆறு வருடம் உழைத்துச் சேர்த்ததைக் கொடுத்து, 1963ஆம் வருடத்து நீல நிறக் கார்வெட்டைத் தன் பெயரில் வாங்கினாள் வெர்னா. கூரையில் தொடங்கிய கோடு முதுகெலும்பு மாதிரி இறங்கிப் பின்கண்ணாடியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வால்வரை போகும். காரைக் கழுவும்போது அந்தப் பட்டையைக் கடைசியாக, மெதுவாகத் துடைப்பாள்.

பின்னால் வருவதை மறைக்கிறது என்று அடுத்த வருடமே கம்பெனி பட்டையை எடுத்துவிட்டது. புதுக் கார்களுக்கு ஒரே கண்ணாடி. அவ்வளவுதான், ஊரே கலங்கிப்போனது. போன வருடத்துக் கார் என்ற பேச்சைத் தாங்கும் நெஞ்சு எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. முதலில் பல் டாக்டர் ஷ்ரேடர் வந்தார், பிறகு வரிசையாகப் பன்னிரண்டு பேர். அத்தனை கார்களிலும் பட்டையை அறுத்து ஒரே கண்ணாடி பொருத்தினான் ஆல்வின். பதினான்காவது கார் வெர்னாவுடையது. அவள் பிறந்தநாளுக்கு அதிசயம் காட்ட நினைத்தான், மடையன்.

சிவப்பு ரிப்பன் கட்டி நின்ற காரை வெர்னா சுற்றி வந்தாள்.

"ஆல்வின், என் காரை என்ன பண்ணின?"

"புதுசாக்கிட்டேன்! இனிமே பின்னாடி வர்ற போலீஸ்காரன் முழுசாத் தெரிவான் பாரு."

"கார்வெட் ஓட்டறவ எதுக்குடா பின்னாடி பாக்கணும்? என்னை ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

பதினோரு நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகும் ஒன்று மட்டும் மாறவில்லை: அந்தக் காரில் ஆல்வினின் கை படக்கூடாது. சாவி அவள் கைப்பையில். நாலு ஊர் தேடி வரும் கார்வெட் வைத்தியன் வீட்டிலேயே இருக்க, ஆயில் மாற்ற அவள் பக்கத்து ஊருக்குப் போவாள். அவளே ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். எதிரே இன்னொரு கார்வெட் வந்தால் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கையசைப்பது வழக்கம். பக்கத்தில் இருப்பவன் எதற்குக் கையசைக்க?

வருடங்கள் போகப் போக, அந்தப் பட்டை வந்தது ஒரே ஒரு வருடம்தான் என்று உலகத்துக்கு உறைத்தது. பட்டை இருந்தால் காரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. இல்லாவிட்டால் உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். "யாரு பண்ணின பாவம் இது?" என்று யாராவது கேட்டால் போதும், "இதோ நிக்கிறான்" என்று வெர்னா கையைக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், ஆல்வினும் சிரிப்பான். உள்ளே மட்டும் சுருக்கென்று தைக்கும். ஷ்ரேடர் உட்படப் பலருக்குப் பட்டையைத் திரும்ப வைத்துக் கொடுத்தவனால், சொந்தப் பெண்டாட்டியின் காரை நெருங்க முடியவில்லை.

1991 செப்டம்பரில் ஆற்றங்கரைப் பூங்காவில் பழைய கார்வெட்டுகளுக்கு அழகுப் போட்டி; கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்குத்தான் மார்க் அதிகம். அதற்கு ஒரு வாரம் முன்பு வெர்னா தோழியின் காரில் ஹெர்மனில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் ஆல்வின் காரை இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். கண்ணாடியைக் கழற்றினான், பட்டை உட்கார வேண்டிய இடத்தை வெட்டப் பென்சிலால் கோடு போட்டான், அறுக்கும் மெஷினை ஓடவிட்டான். கை அப்படியே நின்றது. அன்றைக்கும் இப்படித்தான், அவளுக்குத் தெரியாமல்! மெஷினை அணைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போன் போட்டான்.

"வெர்னா, உன் கார் என் பட்டறையில நிக்குது."

"என்ன பண்ணின?"

"கண்ணாடியை மட்டும்தான் எடுத்தேன். அறுக்கல. பட்டையைத் திரும்ப வெச்சுடவா? உன்னைத்தான் கேக்கறேன்."



"இந்தக் கேள்வி வர்றதுக்கு இருபத்தேழு வருஷமா ஆகும்?" என்றாள். "நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத. எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை."

இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டாள். வேலை நடந்த மூன்று நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "இடது பக்கம் ஒரு நூல் தூக்கியிருக்கு பாரு" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். ஆல்வினுக்கு அந்த அதட்டல் தேனாக இனித்தது.

போட்டியன்று நடுவர் டார்ச்சோடு காருக்குள் தலையை விட்டுத் துழாவினார். ஆல்வினின் கைவேலையில் அவரால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேடம், இந்தப் பட்டை கம்பெனி வெச்சதுதானே?"

ஆமாம் என்று தலையாட்டினால் முதல் பரிசு. ஆல்வின் ஆற்றைப் பார்த்தான்.

"இல்லைங்க," என்றாள் வெர்னா, சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. "கம்பெனி வெச்சதை என் புருஷன் என்னைக் கேக்காம அறுத்தான். இது அவன் கேட்டுட்டு வெச்சது. கேட்டதுக்குத் தனியா மார்க் உண்டா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நடுவரும் சிரித்துக்கொண்டே மார்க்கைக் குறைத்தார். பரிசு வேறு யாருக்கோ போனது.

சாயங்காலம் கிளம்பும்போது வெர்னா பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"என்ன முழிக்கிற? ஓட்டு."

பாலம் தாண்டுவதற்குள் எதிரே ஒரு சிவப்பு கார்வெட் வந்தது. ஆல்வின் கையசைத்தான்.