சத்தம் வராத ஃபேன்

நேற்று எங்கள் வேப்பம்பட்டு வீட்டில் புது ஃபேன் மாட்டினார்கள். மாட்டியவர் படியிறங்குவதற்குள் ஃபேன் கம்பெனியிலிருந்து என் போனில் கேள்வி வந்துவிட்டது: 'சத்தம் உண்டா? ஆம் / இல்லை.' எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உங்களிடம் ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனோ?

அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது அடித்த புதுப் பெயிண்ட் வாசனையே என்னைப் பழைய நாட்களுக்குப் பாதி தூரம் கொண்டுபோய்விட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபேன் கம்பெனி; அங்கே புகார் மேசையில் என் முதல் வேலை. கணினியில் 'சத்தம்', 'வேகம்', 'ஆட்டம்' என்று கட்டங்கள் இருக்கும். பேசுகிறவர் வாயைத் திறந்ததும் ஒன்றைத் தட்டி, போனை வைத்துவிடுவேன். என்னைப் போல வேகம் யாருக்கு வரும் என்று ஒரு மிதப்பு வேறு.

அத்திப்பட்டிலிருந்து ஏகாம்பரம் அழைத்தார். "மேடம், புது ஃபேன்ல சத்தம்..." தட்டினேன். மெக்கானிக் பாஷா பாய் சாயங்காலம் போனார். ஏகாம்பரம் அதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அவர் மனைவி தேசம்மா "நல்லாத்தான ஓடுது" என்றாராம். 'சத்தம் இல்லை' என்று எழுதிப் புகாரை முடித்தார் பாய். மறுநாளும் அழைப்பு, மறுநாளும் எண்ணெய் டப்பாவுடன் பாய். மூன்றாம் நாள் ஏகாம்பரம் வெடித்துவிட்டார்.

"சத்தம் வரலன்னுதான் மேடம் சொல்லிக்கினு கீறேன்! பாதியிலயே வச்சிட்டா இன்னா பண்றது?"

வெட்கமாகப் போய்விட்டது. "சொல்லுங்க சார், முழுசா கேக்கறேன்" என்றேன்.

அனல்மின் நிலையத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரவில் வேலை, பகலில் தூக்கம். பக்கத்திலேயே வெல்டிங் பட்டறை. பழைய டேபிள் ஃபேன் போடும் கடகடப்பில் பட்டறை காதில் விழாது. அதைக் கடையில் கொடுத்துத்தான் இந்தப் புதுசை வாங்கியிருக்கிறார்.

"நாலு நாளா கண்ணு மூடல. கிரேன்ல ஒக்காந்தா சொருவுது. கீழ ஆளுங்க நிக்கிறாங்கோ மேடம், பயமா கீது."

இதற்கு ஏது கட்டம்? எழுந்து குடோனுக்கு ஓடினேன். காயலான் கடைக்குப் போடக் கிடந்த டேபிள் ஃபேன்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நானும் பாயும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். இருபது வருஷமாகச் சத்தத்தை ஒழித்த மனுஷர், அன்றைக்குச் சத்தத்தைத் தேடினார்.

"இது ரயிலாட்டம் கத்துது, எடும்மா!"

மேனேஜரிடம் எப்படியோ கையெழுத்து வாங்கினேன். மதிய ரயிலில் மடியில் ஃபேன், பக்கத்தில் பாய். திருவிழாவுக்குப் போகிற குஷி எனக்கு.

ஸ்விட்சைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. "இதான் மேடம்... இதே..." என்று கட்டிலில் சாய்ந்த ஏகாம்பரம் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. தேசம்மா உதட்டில் விரல் வைத்து எங்களைப் பார்த்து 'உஷ்' என்றார். அந்த இரைச்சலில்! வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து சிரித்தோம். அவ்வளவு சந்தோஷம் வேறெந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்தப் புகார் மேசை இப்போது இல்லை. போனை எடுக்கவும் ஆளில்லை.

நேற்று 'இல்லை' என்று தட்டினேன். 'உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி' என்று உடனே பதில் வந்தது. அன்றைக்கு ஏகாம்பரம் 'இல்லை' என்று தட்டியிருந்தாலும் அதேதான் வந்திருக்கும். அவர் சொருகுகிற கண்ணோடு கிரேன் ஏறியிருப்பார்.