நான் ஓடிப்போனதாக ஒரு மனு

என் கணவர் கீழே விழுந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்கூட முடியவில்லை. செல்லூரில் ஒரு பவர்லூம் பட்டறையில் துண்டு நெய்துகொண்டிருந்தார். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, தறியில் ஏற்றியிருந்த நூலெல்லாம் நனையத் தொடங்கியது. முதலாளி மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார், இவரும் ஏறினார். ஆஸ்பெஸ்டாஸ் தகடு உடைந்து, சிமெண்டுத் தரையில் மல்லாக்க விழுந்தார்.

எங்கள் சந்திலிருந்து நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு தெளிவாகப் பேசினார்.

"ஏ புள்ள, என் காலு ரெண்டும் எங்க கெடக்குன்னு பாரு."

இரண்டு காலும் நேராக, செருப்புகூடக் கழலாமல், அவர் உடம்போடுதான் இருந்தன.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். முதுகுத்தண்டு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார் டாக்டர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கம்மா" என்று சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டில் கடலை பிடுங்கி வளர்ந்தவள். நல்லாப் பார்ப்பது என்றால் வேளைக்குச் சோறு கொடுப்பது, முகம் துடைப்பது, ஆளை அசைக்காமல் வைத்திருப்பது என்று புரிந்துகொண்டேன். முதுகு ஒடிந்தவரை அலட்டக் கூடாது என்று தெருவிலும் எல்லோரும் சொன்னார்கள். அதனால் அவரைத் தொட்டுப் புரட்டவே இல்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தது படுத்தபடி இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குள் ஒரு நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, டிரங்குப் பெட்டியை நகர்த்தினேன், அரிசிப் பானையை நகர்த்தினேன், அடுப்புக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. கடைசியில் அவர் விரிப்பை மாற்றலாம் என்று ஒருபக்கமாகச் சாய்த்தேன்.

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து அழுகியிருந்தது. நடுவில் ஒரு குழி. குழிக்குள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சீழ் என்று நினைத்துத் துணியால் ஒற்றினேன். கடினமாக இருந்தது. எலும்பு.

"என்ன புள்ள, பேசாம நிக்கிற?" என்றார் அவர். வலியே இல்லை அவருக்கு. காலையில் நான் வைத்த கஞ்சிக்கு உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வார்டு சிஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும், கனத்த உடம்பு. புண்ணைத் திறந்து பார்த்ததும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இப்பிடியா ஒரு மனுசன அழுக விடுவ? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காப் புரட்டிப் போடணும்னு தெரியாது?"

"யாரும் சொல்லலையே சிஸ்டர்."

"டிஸ்சார்ஜ் பண்ணும்போது சொல்லியிருப்பாங்களே?"

"நல்லாப் பாத்துக்கன்னு மட்டுந்தான் சொன்னாங்க."

அவர் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, கட்டிலில் தொங்கிய பழைய சீட்டை எடுத்துப் புரட்டினார். டிஸ்சார்ஜ் தேதியில் விரலை வைத்தார்.

"அன்னைக்கு டூட்டி எனக்குத்தான்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் என்னிடம் குரல் உயர்த்தவில்லை. மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, ஓரமாகக் காலியாகக் கிடந்த கட்டிலில் வெள்ளை யூனிபாரத்தோடு மல்லாக்கப் படுத்துக்கொண்டார்.

"என்னப் புரட்டு" என்றார்.

ஒரு சிஸ்டரை எப்படித் தொடுவது?

"முட்டிய மடக்கு. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. இழுக்காத, தோலு பிய்யும். உருட்டு. ம், நான் உங்க வீட்டுக்காரர விட கனம். என்னப் புரட்டிட்டேன்னா அவரப் பூ மாதிரிப் புரட்டிருவ."

ஐந்தாவது தடவை புரண்டார். பிறகு தினமும் ஒரு பாடம். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் கட்டிக் குதிகாலுக்கு அடியில் வைப்பது, மூத்திரக் குழாயைச் சுத்தம் செய்வது, புண்ணைக் கழுவிக் கட்டுவது. தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார், விட்ட பிறகும் சிவப்பு மாறவில்லையென்றால் அந்தப் பக்கம் படுக்க விடாதே. எட்டாவது வரை படித்திருந்ததால் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், இவருக்குப் பக்கத்துத் தறியை ஓட்டிக்கொண்டு எங்கள் சந்திலேயே குடியிருந்த, நான் தம்பி என்று கூப்பிடும் இளைஞர் ஒருவர் தன் அலாரம் டைம்பீஸைக் கொண்டுவந்து வைத்தார். "மதினி, அலாரம் அடிச்சா ஒரு சத்தம் குடுங்க, ஓடியாரேன்" என்றார். சொன்னபடி வந்தார். நான்கு மாதத்தில் புண் ஒரு ரூபாய்க் காசளவுக்குச் சுருங்கியது. என் தாலிச் சங்கிலியும் அதற்குள் அடகுக்குப் போய்விட்டது.

கட்டு மாற்றப் போன ஒரு நாள் சிஸ்டர்தான் சொன்னார், கால் வராதவர்களுக்குச் சர்க்கார் மாதா மாதம் உதவித்தொகை தருகிறது, ஆனால் ஆள் நேரில் வர வேண்டும் என்று. காய்கறித் தள்ளுவண்டி ஒன்றை இரவல் வாங்கி, மெத்தை விரித்து, அவரைப் படுக்க வைத்து, நானும் தம்பியுமாக ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனோம். வெயிலுக்கு அவர் முகத்தில் என் முந்தானையைப் போட்டிருந்தேன். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினோம். எழுத்தர் இறங்கி வந்து மனுவைப் பார்த்தார்.

"இது ஆதரவில்லாதவங்களுக்கு உள்ளது. இந்தம்மா யாரு?"

"சம்சாரம் சார்."

"சம்சாரம் தெடமா நிக்குதே. பெறகு எப்பிடிய்யா நீ ஆதரவில்லாதவன்?"

அவர் கெட்டவர் இல்லை. சட்டத்தில் உள்ளதைச் சொன்னார். நான் மனுவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அப்போது வண்டியில் படுத்திருந்த என் கணவர் முந்தானையை விலக்கிவிட்டுச் சொன்னார்.

"இவ என்னிய விட்டுட்டு ஓடிப்போயிட்டான்னு எழுதிக்கங்க சார்."

எழுத்தர் என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். காலையில் என் கணவரின் மலத்தை அள்ளிக் கழுவிய கை. அந்தக் கையை நீட்டியபடி நான் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

"ஆளு கண்ணு முன்னாடி நிக்கிதுய்யா" என்றார் எழுத்தர், மெதுவாக.

"ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டா ஆகாதா சார்? போடுவாங்க. நான் வாங்கித் தாரேன்" என்றார் என் கணவர்.

திரும்பும்போது பாலத்து நடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். பஸ்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார்.

"எப்பிடிச் சொல்ல மனசு வந்துச்சு?"

"காகிதத்துலதான புள்ள. ஓஞ் சங்கிலிய மீக்கலாம்ல."

"நாளைக்கு ஒருத்தன் அந்தக் காகிதத்தப் படிப்பான். இந்த ஆள இவ அம்போன்னு விட்டுட்டுப் போனான்னு படிப்பான்."

அவர் முந்தானையை எடுத்து மறுபடி முகத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே அழுகிறார் என்று துணி அசைவதில் தெரிந்தது. எனக்குக் கோபம் தணியவில்லை. தம்பிதான் வண்டியைத் தள்ளினார். நான் நாலடி பின்னால் நடந்தே வீடு வந்தேன்.

நடந்ததைச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஒரு வாரம் கழித்துப் பஸ்ஸில் என்னை ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டுக்கு அழைத்துப் போனார். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். மருமகள் அவர் அறை வாசலைத் தாண்டவே பயந்தார். நான் பெரியவரைப் புரட்டினேன். குதிகாலைப் பார்த்தேன், சிவந்திருந்தது. கையுறை இருக்கிறதா என்று கேட்டேன்.

"காலையில மட்டும் வந்தாப் போதும். எம்புட்டு எதிர்பாக்குற?" என்றார் மருமகள்.

எதைக் கேட்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. சிஸ்டர்தான் ஒரு தொகை சொன்னார். என் கணவர் தறியில் வாங்கியதற்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த அம்மா பேரம்கூடப் பேசாமல் சரி என்றார். புரட்டுவதற்கு, துடைப்பதற்கு, கழுவுவதற்கு உலகத்தில் கூலி உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தம்பி இரண்டாம் ஷிப்டுக்கு மாறிக்கொண்டு, காலையில் என் கணவரைப் பார்த்துக்கொண்டார். நோட்டில் உள்ள எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் சம்பளத்தில் ஒரு பங்கை நீட்டியபோது பின்வாங்கினார்.

"என்ன மதினி, அண்ணனுக்குச் செய்றதுக்குக் காசு வாங்குவனா?"

"அங்க நான் வாங்குறேன்ல. அந்த வேலைக்குக் கூலி உண்டுன்னா உங்களுக்கும் உண்டு தம்பி."

என் கணவர் கட்டிலிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் நான் அவரைப் புரட்டும்போது, "கை வலிக்குதா?" என்று கேட்டார். அவர் விழுந்ததிலிருந்து அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வலிக்கிறது என்றேன்.

அந்த மனுவை நாங்கள் கடைசி வரை கொடுக்கவில்லை. உத்திரத்தில் ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துத் தானே புரளப் பழகிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தார். ஒன்பது வருடம் இருந்தார். பிறகு சிறுநீரகத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், அதற்குமேல் தாங்கவில்லை.

தம்பி சைக்கிளில் வந்து செய்தி சொன்னபோது, நான் வேலை பார்க்கும் வீட்டில் ஒரு வயதான அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி முடித்திருந்தேன். முடியெல்லாம் ஈரமாக இருந்தது. சளி பிடிக்கிற உடம்பு. நான் உட்கார்ந்து, அடிமுடி வரை காயும்படி துவட்டி, பின்னிவிட்டு, அவரைப் படுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அதுவரைக்கும் தம்பி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.