பிடுங்கிய செராய்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பிரசங்கம் நீண்டால்கூட முன் பெஞ்சில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட என்னைத்தான் கிள்ளானில் எங்கள் மாதா கோயிலில், ஓராங் அஸ்லி மக்களிடம் போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டு வரும் குழுவில் சேர்த்தார்கள்.

இந்த மலேசிய மண்ணின் முதல் குடிகள் அவர்கள். கடலோரத்தில் செம்பனைத் தோட்டம் வந்தபோது அவர்களுடைய காடு போயிற்று. அதை அழித்த கைகளில் பல, எங்கள் தமிழ்க் கைகள். என் அப்பா அங்கே புல்டோசர் ஓட்டியவர். சாவதற்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தபடி சொன்னார்: "அங்க மேடு மேடா இருந்துச்சும்மா. கல்லறைன்னு தெரிஞ்சுதான் ஓட்டுனேன். தொரை நிக்கிறான், என்ன செய்யச் சொல்ற? அவங்ககிட்ட யாராச்சும் போய்ச் சொல்லணும்."

ஐந்து முறை போய்விட்டேன். சொல்லவில்லை. பண்டமாரானில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரோட்டும்போதெல்லாம் மலாயில் ஒத்திகை பார்ப்பேன். அங்கே தேநீர் வந்ததும் அதோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். கோழைக் கழுதை என்று திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொள்வேன்.

ஆறாம் முறை, கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. என்னோடு நன்றாகப் பழகியிருந்த, என் வயதே ஆன ஒரு பெண், மிச்சமிருக்கும் இடுகாட்டைக் காட்ட எங்களைக் கூட்டிப்போனாள். ஊர்த்தலைவர் வந்த பிறகுதான் பேச்சு என்றாள். வரவில்லை. பத்து நிமிடம். அரை மணி. அவரைப் பார்த்து வருகிறேன் என்று அவளும் பாதைப் பக்கம் போய்விட்டாள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"ஆன்டி, கொஞ்சம் உட்காருங்க லா," என்றார் குழுவை நடத்தும் ஆசிரியர்.

உட்காரவில்லை. எதிரே ஒரு மேடு புல் மண்டிக் கிடந்தது. எங்கள் வீட்டுக் கல்லறை இந்த நாளில் இப்படிக் கிடந்தால் ஊர் காறித் துப்பும். புல்லைப் பிடுங்கி, கழுவி, செவ்வந்தி வைத்தால்தானே செத்தவர்மேல் பாசம் இருக்கிறதென்று அர்த்தம்? குனிந்தேன். கை பரபரவென்று வேலை செய்தது. மேடு பளிச்சென்று ஆன பிறகுதான் விரலில் எலுமிச்சை வாசம் அடித்தது. வெறும் புல் இல்லை, செராய் என்கிற எலுமிச்சைப் புல். சமையலுக்குப் போடுகிற செராய், வரிசையாக நட்டது.

அவள் வந்து நின்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இது எங்கம்மா," என்றாள் மலாயில். "அங்கயும் சமைச்சுக்கட்டும்னு நான் நட்டது. நாங்க இங்க எதையும் பிடுங்க மாட்டோம்."

அப்பாவுக்கு எதிரே துரை நின்றான். நான் பிடுங்கியபோது எதிரே நின்று யாரும் ஏவவில்லை. அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்க வந்தவள், முதலில் எனக்காகக் கேட்டேன். பிறகு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், அப்பா செய்ததையும் கொட்டிவிட்டேன். அழுகை வந்தது. அழுகிறோமே என்று எரிச்சலும் வந்தது. கீழே கிடந்த ஒரு செராய்த் தூரை எடுத்து அவசரமாக நடப் போனேன்.

"வேணாம். நான் நட்டுக்கிறேன். நீ உட்காரு."

உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் ஒவ்வொரு தூராக எடுத்து, விரலால் குழி தோண்டி, நிதானமாக நட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுபோல் ஒரு தண்டனை இல்லை. மன்னித்தாளா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

கடைசித் தூரையும் நட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி செம்பனை வரிசைகளைப் பார்த்தாள்.

"உங்கப்பா ஓட்டுன இடம் எது? எங்க தாத்தாவை அங்கதான் எங்கயோ வச்சாங்க."

எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அப்பா சொல்லியிருப்பார். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவருடைய கட்டில் விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன்.