பதினாறு பலகைக்கு ஒரு ஜெனரேட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில், தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பே குடியேற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் வடக்கே தலைநகர்த் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவாட்டினேன், துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன், எதிலும் நிலைக்கவில்லை. படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றிருந்தது. கேம்பல் பேயில், சாலை போடுகிறவர்களின் ஜெனரேட்டரை ஓட்டும் ஆபரேட்டருக்கு எடுபிடியானேன். படுக்க இடமும் இரண்டு வேளைச் சோறும் கிடைத்தன. அட்டை கடித்த கால்தான் ஆறவே இல்லை.

அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். பஞ்சாபிகள், மராட்டியர்கள், நம்மவர்கள். காட்டை வெட்டித் தென்னை வைத்து, மண்ணெண்ணெய் விளக்கில் காலம் தள்ளினார்கள். அவர்களுக்கு ஒரு கேரம் போட்டி நடத்தும் ஆசை வந்தது. பகல் முழுக்கக் காட்டு வேலை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஊர். பலகைக்கு மேலே பல்பு தொங்கினால்தான் ஆட்டம்.

சாலை வேலையின் என்ஜினியர் ஒரு மாலைக்கு ஜெனரேட்டரைத் தரச் சம்மதித்தார். அதற்கு ஏதாவது ஆனால் ஆபரேட்டருக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். ஆபரேட்டர் திருநெல்வேலிப் பக்கம். தினக்கூலிதான். நிரந்தரமானால் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

"ஏலே, மெஷினு படுத்துச்சுன்னா அடுத்த கப்பல்ல நான் மெயின்லேண்டு போய்ச் சேர வேண்டியதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

மெஷின் தாங்குவது இரண்டாயிரம் வாட். பதினாறு பலகைக்கு நூறு வாட் பல்பு பதினாறு. ஒரு மைக் செட். மிச்சத்தை மெஷின் மூச்சுவிட ஆபரேட்டர் விட்டுவைத்தார். ஒரே கம்பியில் தொங்கவிட்டால் கடைசிப் பலகை மங்கும் என்று பள்ளிக்கூடக் கொட்டகையில் இரண்டு வரிசையாகக் கம்பி இழுத்தோம். முதல் நாளே போட்டுப் பார்த்தோம். எல்லாம் எரிந்தது.

ஜனங்களின் டிரங்குப் பெட்டிகள் எங்கள் கணக்கில் இல்லை. கல்யாணத்துக்கு வந்த டேபிள் ஃபேன், ஊரில் வாங்கிய இஸ்திரிப் பெட்டி, கப்பலேறிய நாளிலிருந்து துணியில் சுற்றி வைத்திருந்ததை எல்லாம் பெண்கள் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்துவிட்டார்கள். விற்கவோ காட்டவோ அல்ல. உப்புக் காற்றில் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் சுற்று நடக்கும்போதே ஒரு சர்தார்ஜி, "ஏக் மினிட், பாயி" என்று தன் பலகைப் பல்பைக் கழற்றி அந்த ஹோல்டரில், பல்புபோல மாட்டும் பிளக்கால், இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். எல்லாப் பல்புகளும் சிவந்து மங்கின. வெளியே மெஷின் முனகியது. ஆபரேட்டர் ஓடிவந்து பிடுங்கினார். எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னார். யாரும் நகரவில்லை.

ராமநாதபுரத்து ஹவில்தாரின் மனைவி மடியில் ஃபேனை வைத்தபடி கேட்டாள்: "அண்ணே, தோத்தவங்க பலகைக்கு எதுக்கு வெளிச்சம்? அத அணைச்சுட்டு அந்தக் கரண்ட எங்களுக்குக் குடுங்க."

ஆபரேட்டர் தொங்கிய பல்புகளை எண்ணினார். முதல் சுற்று முடிந்தால் எட்டுப் பல்பு அணையும். பிறகு என்னைப் பார்த்து, "நியாயந்தாம்லே. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான்" என்றார்.

அதன்பின் போட்டியின் போக்கே மாறியது. பெண்கள் வரிசையில் நின்று, சீக்கிரம் முடிக்கச் சொல்லி ஆட்டக்காரர்களை விரட்டினார்கள். ஹவில்தார் சிவப்புக் காயைக் குறிபார்க்கையில் மனைவி, "போதும், தோத்துட்டு வாங்க, ஃபேன் காத்துக்கிட்டிருக்கு" என்றாள். அவருக்குக் குறி தவறிவிட்டது. ஃபேன் கொஞ்சம் கரகரத்துச் சுற்றியது. அவள் முகத்தை அதன் முன்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சில இஸ்திரிப் பெட்டிகள் துருப்பிடித்துச் செத்திருந்தன. கொண்டுவந்தவர்கள் சத்தமில்லாமல் மறுபடி துணியில் சுற்றினார்கள்.

ஆபரேட்டர் மெஷினை விட்டு அசையவில்லை. அதன் உடம்பில் கைவைத்துச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆட்டத்தின்போது சர்தார்ஜியின் முறை வந்தது. பெட்டி சூடேறியது. தேய்க்க அவரிடம் துணி இல்லை, கொண்டுவரத் தோன்றவில்லை. ஆபரேட்டரின் எண்ணெய்க் கறைச் சட்டையை வலுக்கட்டாயமாகக் கழற்றி வாங்கித் தேய்த்துக் கொடுத்தார்.

காலையில் என்ஜினியர் வந்தார். மெஷினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார், கம்பிகளை இழுத்துப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. ஜீப்பில் ஏறும் முன், கத்திபோல மடிப்பு நின்ற அந்தச் சட்டையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆபரேட்டர் அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.