மானுக்குத் தெரியாத உடுப்பு

காட்டில் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருப்பதற்கான உடுப்பை, ஆளுயரக் கண்ணாடி முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி அழகு பார்த்து வாங்குகிறவர்களுக்கு விற்பதுதான் என் தொழில்.

ஆக்லாந்து நகரின் ஓரம், வெஸ்ட்கேட்டில் வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடையில் எட்டு வருடமாக உடுப்புப் பிரிவில் நிற்கிறேன். ஊர் திருச்சி. இங்கே வந்த புதிதில் கிடைத்த முதல் வேலை. தற்காலிகம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். கடையின் இடது பக்கம் ராணுவம் கழித்துவிட்ட சட்டை, பேன்ட், கோட்டு. சர்ப்ளஸ் என்பார்கள். முரட்டுத் துணி, கிழியாது, மலிவு. ஆனால் பெரும்பாலும் பருத்தி. நனைந்தால் கனக்கும், லேசில் காயாது. வலது பக்கம் வேட்டைக்காரர்களுக்கென்றே கம்பெனிகள் தைக்கிற உடுப்பு. நடந்தால் சரசரக்காது, மழை இறங்காது, விலைச் சீட்டைத் திருப்பினால் மூச்சு நின்றுவிடும். இரண்டு பக்கமும் இலை தழை அச்சு. அதற்குப் பேர் கேமோ. இடதா, வலதா என்ற ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்கிறேன். துணிக்கடையோ செருப்புக்கடையோ, எங்கேயாவது கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

நாலு சனிக்கிழமை

சங்கர் ஊரின் மறுகோடி பிளாட் புஷ்ஷிலிருந்து இந்த மூலைக்கு நாலு சனிக்கிழமை தொடர்ந்து வந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. நம்ம ஊர் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் முதல் வாரம் ஒரு மணி நேரம் விளக்கினேன். இரண்டாம் வாரம் மடிக்கணினியோடு வந்தார். அதில் ஒரு பெரிய அட்டவணை: இடது பக்கத்து உடுப்புகள் ஒரு வரிசை, வலது பக்கத்து உடுப்புகள் ஒரு வரிசை. எத்தனை பை, ஜிப் வைத்ததா பித்தான் வைத்ததா, முழங்காலில் இரட்டைத் துணி உண்டா, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். மூன்றாம் வாரம் மனைவியை வீடியோவில் கூப்பிட்டு அச்சைக் காட்டினார். அந்த அம்மா பச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார்.

நாலாவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, மானுக்கா பன்றிக்கா, எதுக்குப் போறீங்கன்னு சொல்லுங்க. நானே ஒண்ணை எடுத்துத் தர்றேன்" என்றேன். சங்கர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "ஐயோ, நாங்க சுத்த சைவமுங்க அக்கா! ஆபீஸ்ல எல்லாரும் சாய உருண்டையாலச் சுட்டு விளையாடுற பெயிண்ட்பாலுக்குப் போறோம், சாயம் பட்டாத் துவைச்சாப் போகுமுங்களா?"

வாரனின் கட்டம் போட்ட சட்டை

துப்பாக்கிப் பிரிவில் இருக்கும் வாரனுக்கு அறுபத்தெட்டு வயது. இளவயதில், மான்கள் பெருகிவிடாமல் இருக்க அரசாங்கச் சம்பளத்துக்கு மான் சுட்டவர். நல்ல மனிதர், என் மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஆனால் விற்பனை முடியப் போகிற நேரம் பார்த்து என் பக்கம் வந்துவிடுவார்.

ஒரு நாள் ஒரு தம்பதிக்கு நாற்பது நிமிடம் பேசி, வலது பக்கத்தின் மிக உயர்ந்த ஜாக்கெட்டுக்குச் சம்மதிக்க வைத்திருந்தேன். கணவர் பணம் கட்ட அட்டையை எடுத்துவிட்டார். வாரன் தேநீர்க் கோப்பையோடு அந்த வழியாகப் போனார். "இது நல்லதுதானா?" என்று கணவர் ஒரு பேச்சுக்குக் கேட்டார். வாரன் நின்று, ஒரு வாய் குடித்து, உண்மையைச் சொன்னார்: "எனக்கென்ன தெரியும், நான் முப்பது வருஷம் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையும் அரை நிஜாரும் போட்டுத்தான் சுட்டேன், ஒரு மானும் ஆட்சேபிக்கல."

மல்லிகை வாசம்

ஜாக்கெட் வேலை செய்யவில்லை என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். ஜாக்கெட் என்ன வேலை செய்ய வேண்டும்? மான் தன்னைப் பார்த்து ஓடிவிட்டதாம், அதுவும் இரண்டு முறை. பையைத் திறந்ததும் மல்லிகை வாசம் குப்பென்று அடித்தது. துவைத்த பிறகு வாசனைத் திரவத்தில் ஊறப் போட்டிருக்கிறார். மான் கண்ணைவிட மூக்கை நம்புகிற பிராணி, காற்று அந்தப் பக்கம் அடித்தால் அரைக் கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும், வாசனையில்லாத சோப்பில் அலசுங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "நாத்தத்தோட போகச் சொல்றியா? அங்க மானோட என் மச்சினனுங்களும் இருப்பாங்க!"

எந்த மான் சொன்னது?

எங்கள் கடையில் மூன்றாவதாக ஒரு வரிசை உண்டு. அங்கே யாரும் போவதில்லை. கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறச் சட்டைகள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் மனிதன் கண்ணுக்கு மலை தாண்டியும் தெரியும். புதருக்குள் அசைவது மானா ஆளா என்று தெரியாமல் கூட வந்தவனையே சுட்டுவிடுகிற கொடுமை இந்த நாட்டில் நடக்கிறது. அதனால் எதை வாங்கினாலும் மேலே ஆரஞ்சு போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன்.

இதை ஒரு பெரியவர் கைகட்டி முழுக்கக் கேட்டார். இத்தனை கவனமாக யாரும் கேட்டதில்லை என்று எனக்கு உற்சாகம். கண்ணின் அமைப்பு, நிறம், வெளிச்சம் எல்லாம் சொன்னேன். முடித்ததும் இடது பக்கம் போய்த் தலை முதல் கால் வரை பச்சையாக எடுத்துக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். "நல்லாத்தான் பேசுற பொண்ணே, ஆனா மானுக்கு ஆரஞ்சு தெரியாதுன்னு உன்கிட்ட எந்த மான் சொல்லிச்சு?"

தலைக்கு மேலே ஹெலிகாப்டர்

கிரெய்க் குழாய் வேலை செய்கிறவர். அவரும் ஆரஞ்சு வேண்டாம் என்றுவிட்டு, சர்ப்ளஸில் தொப்பி முதல் பேன்ட் வரை வாங்கிப் போனார். பருத்தி, மழையில் நனைந்தால் ஆபத்து, உள்ளே கம்பளியாவது போடுங்கள் என்றேன். தலையாட்டினார். அடுத்த வாரம் அவருடைய நண்பர் வந்து சொன்னார்: காட்டு ஆட்டைத் துரத்திக்கொண்டு பள்ளத்தில் இறங்கிய கிரெய்க், வழி தவறி ஒன்றரை நாள் காட்டில் கிடந்திருக்கிறார். மழை விடவில்லை. குளிரில் லைட்டரைப் பிடிக்க முடியாத அளவு கை நடுக்கம். கடைசியில், தேடி வந்த குழுவில் ஒரு பெண் அவர் காலில் தடுக்கி விழுந்த பிறகுதான் ஆள் அகப்பட்டிருக்கிறார். இப்போது ஆஸ்பத்திரியில்.

நான் விற்ற உடுப்பு. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். வாரன்கூட அன்று கேலி பேசவில்லை. பதினைந்து நாள் கழித்து, கன்னம் ஒட்டிப்போன கிரெய்க் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னார்: "ஹெலிகாப்டர் மூணு தடவை என் தலைக்கு மேலேயே சுத்துச்சு, பைலட்டுக்கே நான் தெரியல, இதே மாதிரி இன்னொண்ணு குடு!"

குகநேசன் அண்ணா

குகநேசன் அண்ணா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். கூட வேலை செய்கிறவர்கள் முதல்முறையாக வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். மகள் அபிராமியோடு வந்தார். இங்கேயே பிறந்த பெண், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "என்ன வாங்கிறதெண்டு தெரியேல்லைத் தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ" என்றார். இப்படி ஒருவருக்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! ஒரே ஒரு முறை போகிறவருக்கு எதற்கு விலை உயர்ந்தது என்று இடது பக்கம் கூட்டிப் போனேன். ஒரு கோட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. விலையோ என்று நினைத்து இன்னும் மலிவாக ஒன்றை எடுத்தேன். "அப்பா, ஜஸ்ட் ட்ரை இட்" என்று மகள் அதை வாங்கி அவர் தோளில் வைக்கப் போனாள். அவர் சட்டென்று விலகினார். எனக்கு எரிச்சல். இன்னொரு சங்கர் என்று மனதுக்குள் நொந்துகொண்டு, "அண்ணா, இது ஆர்மி உடுப்பு, கிழியவே கிழியாது" என்றேன்.

"ஓம். எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "இந்த உடுப்பு எங்கட வீட்டு வாசலிலை வந்து நிண்டிருக்கு." கோட்டைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தபடிதான் சொன்னார். அபிராமி கையைக் கீழே இறக்கினாள். இதை அவளும் முதல்முறையாகக் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எட்டு வருடத்தில் அந்தத் துணியின் கனம், தையல், சாயம் எல்லாம் பேசியிருக்கிறேன். யாருக்கு அது என்னவாகத் தெரியும் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. வலது பக்கம் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் தங்கச்சி. நான் ஒளிச்சிருந்தது போதும். ஆட்களுக்குத் தெரியிற உடுப்பு இருந்தாத் தாங்கோ" என்றார். மூன்றாவது வரிசைக்குப் போனோம். ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி. அபிராமி அவருக்குக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து டப்பாவில் மான் இறைச்சிப் பிரட்டலோடு வந்தார். சுட்டது அவர் இல்லை. அவர் துப்பாக்கியையே தொடவில்லையாம். சமைத்தது மட்டும் அவர். வாரன் கவுண்டரிலேயே நின்று முக்கால் டப்பாவைக் காலி செய்தார். காடு எப்படி இருந்தது என்று கேட்டேன். குகநேசன் அண்ணா சிரித்தார். "நல்ல பனிப்புகார் தங்கச்சி, ஒருத்தரை ஒருத்தர் தெரியேல்லை, அவங்கள் எல்லாரும் என்ரை சட்டையைப் பாத்துப் பாத்துத்தான் வந்து சேர்ந்தவங்கள்."

இப்போது நான் யாருக்கும் முதலில் இடது பக்கத்தைக் காட்டுவதில்லை. அதற்கும் குறை சொல்ல வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள், இந்தத் தொழிலில் இதுவரை கடைக்கு வந்து என்னிடம் குறை சொல்லாத ஒரே ஜீவன் மான்தான்.