கான்வியில் ஒரு புதன்கிழமை

ஆறு வருடங்களுக்குப் பிறகு என் கணவரை நான் பார்த்தது பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டில், கான்வி என்ற கடலோர ஊரின் ரயில் நிலையத்தில். விடுமுறைக்குப் போகிறேன் என்று பலெர்மோவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். உண்மையில் விடுமுறை என் சிஞ்ஞோராவுக்கு, நான் வேலை செய்யும் வீட்டு அம்மாவுக்கு. நான் அவருடைய மாமியாரின் சக்கர நாற்காலியைத் தள்ளப் போனேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி நான்காம் மாதம் அவர் யாழ்ப்பாணத்தை விட்டு லண்டனுக்குப் போனார். பின்னால் என்னையும் லண்டனுக்கென்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் இத்தாலியோடு கைவிட்டுவிட்டான். பலெர்மோவில் கபோ சந்தைக்கு மேலே ஓர் அறையில் ஒன்றுவிட்ட அக்கா இருந்தார். அவரோடு ஒட்டிக்கொண்டு, பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பெர்மெஸ்ஸோ கிடைத்துவிட்டது, இத்தாலியில் தங்கலாம். லண்டனில் என் கணவருடைய அகதி வழக்கு மட்டும் முடியவில்லை. அது முடியும்வரை அவர் பிரித்தானியாவைவிட்டு வெளியே வர முடியாது. எனக்கு அங்கே போக இரண்டு முறை விசா மறுத்துவிட்டார்கள்.

சிஞ்ஞோரா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவர். அந்தக் கோடையில் வேல்ஸில் ஒரு வீட்டைப் பத்து நாளுக்கு எடுத்திருந்தார். மாமியாரைக் குளிப்பாட்ட, தூக்கி இருத்த நான் வேண்டும். எனக்காகக் கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து, விசாவும் எடுத்துத் தந்தார். விமானத்தில் ஏறியதும், "உன் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கட்டும். நீ திரும்பி வருவாய் என்று நான் பொறுப்பேற்றிருக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் கையைத் தட்டித்தான் சொன்னார்.

வீடு ஒரு மலைச்சரிவில் இருந்தது. பின்பக்கம் திறந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக மலைகள், பாதி நேரம் முகிலுக்குள். முன்பக்கம் கடல், கழிமுகம், அதன் கரையில் எட்டுக் கோபுரங்களோடு ஒரு கோட்டை. சிஞ்ஞோரா யன்னலைத் திறந்துவைத்து, "பார், பார்!" என்று மாமியாருக்குக் காட்டினார். கிழவிக்குக் குளிர்ந்தது. நான் யன்னலைச் சாத்தினேன்.

புதன்கிழமை பகல் எனக்கு விடுதலை. பலெர்மோவிலிருந்து கொண்டுபோன வறுத்த அரிசிமாவில், பாஸ்தா வடிக்கும் பாத்திரத்துக்குள் துணி விரித்துப் புட்டு அவித்தேன். சம்பலும் இடித்து ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டேன். போனில் பேசி வைத்தபடி என் கணவருடைய ரயில் பதினொன்றரைக்கு.

இறங்கியவர்களில் கறுப்பாக ஒருவர்தான் இருந்தார். அப்படியிருந்தும் அது அவர்தானா என்று ஒரு கணம் யோசித்தேன். முன்தலை வழுக்கையாகியிருந்தது. கோட் அவருடைய அளவில்லை.

"கனநேரமோ நிண்டனீர்?" என்றார்.

"இல்லை. இப்பத்தான் வந்தனான்."

"மெலிஞ்சிட்டீர்."

"நீங்களும்தான்."

ஆறு வருடமாகத் தொலைபேசியில் கதைத்துக் கதைத்து, எதிரில் ஓர் ஆள் நிற்கும்போது கதைப்பது மறந்துபோயிருந்தது. எல்லோரும் கோட்டைக்குப் போனார்கள். நாங்களும் போனோம்.

சுழல்படியில் ஏறும்போது அவர் முன்னால் போனார். ஒரு தடவை திரும்பிக் கை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். மேலே போனதும் விட்டுவிட்டார். காற்று ஆளைத் தள்ளியது. கீழே படகுகள், அந்தப் பக்கம் மலைகள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தங்களைப் படமெடுத்துத் தரும்படி கமராவை அவரிடம் நீட்டினார்கள். "கிட்டக் கிட்ட" என்று கையால் காட்டி, அவர்களைத் தோளோடு தோள் நெருங்க வைத்து எடுத்துக்கொடுத்தார். எங்களிடம் கமரா இல்லை.

மழை பிடித்தது. மதிற்சுவரில் ஒரு மாடத்துக்குள் ஒதுங்கிப் புட்டைத் திறந்தேன். அவர் வேகமாகச் சாப்பிட்டார்.

"உறைப்புக் காணாது," என்றார்.

"சிஞ்ஞோரா வீட்டிலை மணக்கும் எண்டு குறைச்சுப் போட்டனான்."

அவர் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "கேஸ் திரும்பவும் ரிஜெக்ட் ஆயிட்டுது. உமக்குப் போனிலை சொல்லேல்லை. அப்பீல் போட்டிருக்கு. ஒண்டும் நிச்சயமில்லை."

"எப்ப தெரியும்?"

"அவங்களுக்கே தெரியாது. ஒரு அறையிலை ஆறு பேர் இருக்கிறம். ரெண்டு பேர் வேலையாலை வரேக்கை ரெண்டு பேர் எழும்புவம்."

மழை சுவரில் வழிந்துகொண்டிருந்தது. ரயில் நிலையத்தில் கண்டதிலிருந்து அவர் ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன். 'நில்லும்' என்றால் நின்றிருப்பேன். அவர் சொல்லாததால் நானே கேட்டேன்.

"நான் திரும்பிப் போகாமல் நிண்டால்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பாஸ்போட் எங்கை?"

"சிஞ்ஞோராட்டை."

புட்டுப் பெட்டியை மூடி என்னிடம் தந்தார். பிறகு, "அப்ப சரி," என்றார்.

அந்தச் சொல்லில் ஆறுதலான ஒரு மூச்சு இருந்தது. எனக்குக் கேட்டது. ஆனால் ஒன்றை நானும் அவருக்குச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் இருந்த மேசை லாச்சிக்குப் பூட்டு இல்லை. காலையில் புட்டுப் பெட்டியை எடுக்கும்போது அதைத் தாண்டித்தான் வந்தேன்.

நான்கு மணி ரயிலில் ஏறி, "போன் எடுக்கிறன்," என்றார்.

"ஓம்," என்றேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது சிஞ்ஞோரா, "அழகான ஊர், இல்லையா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டு மாமியாருக்குக் கால் கழுவத் தண்ணீர் சூடாக்கினேன். மிச்ச நாட்கள் முழுவதும் வெயில் எறித்தது. கிழவியை இன்னும் இரண்டு கோட்டைகளுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

பலெர்மோவுக்குத் திரும்பியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "என்னடி, லண்டனுக்குக் கூப்பிடுறாராமோ?" கேஸ் முடியட்டும் என்றேன். கபோவில் மீன் வாங்கும்போது, தெரிந்த பெண்கள் வேல்ஸ் எப்படி என்று விசாரித்தார்கள். மலை, கடல், கோட்டை என்று சொன்னேன். அவ்வளவும் உண்மைதான்.

ஞாயிறுதோறும் வந்த அவருடைய அழைப்பு மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. நான் அழைத்தால் வேறொரு குரல், "அண்ணை வீடு மாறிட்டார்" என்றது. இரண்டு வருடம் கழித்து ஒரு தடித்த கடிதம் வந்தது. விவாகரத்துப் பத்திரம். கூடவே அவருடைய கையெழுத்தில் நான்கு வரி: அங்கே ஒரு பெண்ணைக் கல்யாணப் பதிவு செய்தால் அவருக்கு விசா கிடைக்குமாம், எல்லாம் பேப்பருக்கு மட்டும்தானாம், பிறகு என்னைக் கூப்பிடுவாராம்.

பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. சிஞ்ஞோராதான் சமையலறை மேசைக்கு முன்னால் இருந்து வரிவரியாக இத்தாலியனில் சொன்னார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, "இதை நீ நம்புகிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பிறகேன் கையெழுத்து வைக்கிறாய்?"

அவருடைய பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்து, அன்று பின்னேரமே பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. அடுத்த முறை பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போனபோது, படிவத்தில் 'மணமானவர்' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதிகாரி என் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்து, அதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே திருத்தி எழுதினார். பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.